சங்கீதங்களுக்கு கோரல்–ஆர்கெஸ்ட்ரா இசை: 45 பேர் குழுவுக்கு எது ஏற்றது, எங்கே இடறும்?

கேள்வி இது: "எங்கள் பாடகர் குழுவில் 45 பேர். பெண் குரல்களில் சோப்ரானோ (மேல்) 16, ஆல்டோ (கீழ்) 14; ஆண் குரல்களில் டெனர் (மேல்) 6, பேஸ் (கீழ்) 9. வேதாகமத்தின் சங்கீத வசனங்களுக்கு இசையமைத்த ஒரு படைப்பை ஆர்கெஸ்ட்ராவோடு, அரை மணி நேரத்துக்குள் பாட ஆசை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'சிம்பனி ஆஃப் சாம்ஸ்' மனதில் இருக்கிறது. முடியுமா? முடியாதென்றால் வேறு எது?"

இந்த ஆள்பலத்துக்கு என் தேர்வு மொசார்ட்டின் 'வெஸ்பரே சொலென்னெஸ் தெ கன்ஃபெஸோரே', கே. 339. ஸ்ட்ராவின்ஸ்கியை இந்த முறை விட்டுவிடுங்கள். உங்கள் குழுவில் முடிவைத் தீர்மானிப்பது 45 என்ற எண் இல்லை, 6 டெனர்கள். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சங்கீதப் படைப்புகளில் எந்தெந்த வாத்தியம் இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதுதான் அந்தப் படைப்பின் குணத்தைச் சொல்லும். உங்களால் அதை மேடையேற்ற முடியுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

ஸ்ட்ராவின்ஸ்கியையே எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவின் 50ஆம் ஆண்டுக்காக 1930இல் எழுதியது. முதலில் ஒலித்தது பிரஸ்ஸல்ஸில், அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று. ஆறு நாள் கழித்துத்தான் பாஸ்டனில். இதில் வயலின் இல்லை, வியோலா இல்லை, கிளாரினெட்டும் இல்லை. தந்தி வாத்தியத்தில் செல்லோவும் டபுள் பேஸும் மட்டும். அதற்குப் பதிலாக 5 புல்லாங்குழல், 4 ஓபோ, ஒரு இங்கிலீஷ் ஹார்ன், 3 பஸூன், ஒரு கான்ட்ரா பஸூன், 4 ஹார்ன், 5 டிரம்பெட், 3 டிரம்போன், டியூபா, ஹார்ப், 2 பியானோ, டிம்பனி, பேஸ் டிரம். குழைந்து உருகும் வயலின் ஒலியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மூச்சால் ஊதுகிற வாத்தியங்களைக் குரலுக்குச் சமமாக நிறுத்தியிருக்கிறார். கடைசிப் பகுதி 150ஆம் சங்கீதம். தாளங்களாலும் யாழாலும் கர்த்தரைத் துதிக்கச் சொல்கிற பாட்டு. ஆனால் அவர் ஸ்கோரில் (இசைத் தாளில்) கைத்தாளம் கிடையாது! துதி அங்கே ஆரவாரமாக எழாமல், மெல்ல அடங்கிய குரலில் 'அல்லேலூயா' என்று தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் உரக்கப் பாடினால் படைப்பே கெட்டுப்போகும்.

நடைமுறையில், வழக்கமான ஒரு சமூக ஆர்கெஸ்ட்ராவை அழைத்தால் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. தேவைப்படும் 5 புல்லாங்குழலும் 5 டிரம்பெட்டும் கிடைக்காது. இருக்கிற வயலின்காரர்களுக்கு எதையாவது பிரித்துக் கொடுத்து ஒப்பேற்றலாம் என்ற யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். அந்த ஒலியை விலக்குவதற்காகவே எழுதப்பட்ட இசை அது.

பாடகர்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. முதல் பகுதியில் ஆல்டோக்கள் 'எக்ஸௌதி' என்று தொடங்கி ஈ, எஃப் என்ற இரண்டே சுரங்களில் முன்னும் பின்னும் அசைகிறார்கள். அரைச்சுர இடைவெளிதான், பார்க்க எளிது. ஆனால் ஏறும்போது எஃப் கொஞ்சம் குறையும், இறங்கும்போது ஈ இன்னும் கொஞ்சம் குறையும். பத்து பாருக்குள் (தாளச் சுற்றுக்குள்) குழுவே சுருதி இறங்கி நிற்கும். கீபோர்டில் ஈ சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே பழக்கினால்தான் இது சரியாகும். இரண்டாம் பகுதி இரட்டை ஃபியூக். ஃபியூக் என்பது ஒரே கருப்பொருளோடு வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னும் இசை. வாத்தியங்களின் ஃபியூக் சி மைனரில் நெடுநேரம் ஓடிய பிறகு, குரல்களின் ஃபியூக் ஈ-பிளாட் மைனரில் நுழைகிறது. நடுவில் வாத்தியத் துணையே இல்லாமல் குரல்கள் மட்டும் பாடும் இடமும் உண்டு. அங்கே சுருதி இறங்கியிருந்தால், வாத்தியங்கள் திரும்ப வரும் கணத்தில் அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும். 6 டெனரை வைத்துக்கொண்டு அந்த அபாயத்துக்குள் போகத் தேவையில்லை.

பெர்ன்ஸ்டைனின் 'சிசெஸ்டர் சாம்ஸ்' (1965) அடுத்து எல்லாருக்கும் நினைவுக்கு வரும். சிசெஸ்டர் கதீட்ரலின் டீன் வால்டர் ஹஸ்ஸி கேட்டு எழுதியது, எபிரெய மொழியில். இதில் இல்லாதது மர ஊதுவாத்தியங்கள் முழுவதும். 3 டிரம்பெட், 3 டிரம்போன், 2 ஹார்ப், டிம்பனி, தாள வாத்தியங்கள், தந்திகள் என்று அமைப்பு. ஆர்கன், ஒரு ஹார்ப், தாள வாத்தியம் ஆகியவை மட்டும் போதும் என்று அவரே செய்த சிறு வடிவமும் உண்டு. பணம் குறைவான குழுக்கள் அதைத்தான் எடுக்கின்றன. ஏறத்தாழ 18 நிமிடம். இரண்டாம் பகுதியில் 23ஆம் சங்கீதத்தை ஒரு சிறுவன் அல்லது கவுன்டர் டெனர் ஹார்ப் துணையோடு பாட, அதன் நடுவே ஆண் குரல்கள் 2ஆம் சங்கீதத்தோடு பாய்கின்றன: "ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக் காரியத்தைச் சிந்திப்பானேன்?" மேய்ப்பனின் பாட்டுக்குள் யுத்தம் புகுகிறது. அந்த ஆரவாரம் காதில் விழாததுபோலப் பெண்கள் தங்கள் பாட்டைத் தொடர வேண்டும். இந்த இடம் நன்றாக அமைந்தால் கேட்பவர் மறக்க மாட்டார்.

தடையாக நிற்பது இங்கும் டெனர்தான். முதல் பகுதி ஏழு அடித் தாளம், 2+2+3 என்று எண்ண வேண்டும். ஆண் குரல்கள் செவன்த் (ஏழாம் சுர) இடைவெளியில் இணையாக நகரும் இடங்கள் இருக்கின்றன. இரண்டு பேர் நழுவினாலும் 12 பேர் டெனர் வரிசை தாங்கும். 6 பேர் வரிசை தாங்காது. மூன்றாம் பகுதி பத்து அடித் தாளத்தில் நீண்டு செல்வதால், கண்டக்டர் இழுத்தால் மூச்சு போதாமல் சுருதி விழும். அதன் முடிவில் "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது" என்ற 133ஆம் சங்கீத வரியைத் துணை வாத்தியம் இல்லாமல் மிக மெதுவான ஒலியில் பாட வேண்டியிருக்கும். களைத்துப்போன குழு சறுக்குவது அங்கேதான்.

இனி மொசார்ட். 1780இல் சால்ஸ்பர்க்கில் எழுதியது. ஐந்து சங்கீதங்கள் (110, 111, 112, 113, 117), ஆறாவதாக மரியாளின் பாடல். மொத்தம் 25 முதல் 28 நிமிடம். இங்கே இல்லாத வாத்தியம் வியோலா. சால்ஸ்பர்க் தேவாலய இசையில் அதுவே வழக்கம். இரண்டு வயலின் வரிசை, கீழே செல்லோ, டபுள் பேஸ், பஸூன், ஆர்கன். விழாக் களைக்கு 2 டிரம்பெட்டும் டிம்பனியும். உங்களுக்குப் பெரிய உதவியாக வருபவை 3 டிரம்போன்கள். அவை ஆல்டோ, டெனர், பேஸ் குரல்களோடு ஒட்டி, பெரும்பாலும் அதே சுரங்களையே வாசிக்கின்றன. உங்கள் 6 டெனருக்கும் சுருதியும் நுழைவும் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கும். இந்தப் படைப்பை நான் முன்வைக்க முதல் காரணம் இதுதான்.

ஆனால் அந்த டிரம்போன்களே குழுவை மூழ்கடிக்கவும் செய்யும். இன்றைய அகலக் குழாய் டிரம்போன் அன்றைய வாத்தியத்தைவிட மிகவும் உரத்தது. முதல் வரிசைக்கு ஆல்டோ டிரம்போன், மற்ற இரண்டுக்கும் குறுகிய குழாய் கிடைத்தால் நல்லது. எது கிடைத்தாலும், ஸ்கோரில் 'ஃபோர்ட்டே' (உரக்க) என்றிருக்கும் இடத்தில் 'மெஸ்ஸோ பியானோ' (ஓரளவு மெல்ல) என்று பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிரம்போன் கிடைக்கவே இல்லையென்றால் ஆல்டோ வரிசைக்கும் டெனர் வரிசைக்கும் கிளாரினெட், பேஸ் வரிசைக்கு இன்னொரு பஸூன் என்று ஒட்டலாம். ஒலி நிறம் மாறும், குரலுக்கான ஆதரவு நிற்கும். 45 பேருக்கு முதல் வயலின் 5, இரண்டாம் வயலின் 5, செல்லோ 3, டபுள் பேஸ் 1 போதும்.

எங்கே இடறும்?

முதலாவது, நான்காவதாக வரும் 'லௌதாதே பூவெரி' (சங்கீதம் 113). பழைய பாணியில் கட்டிய கண்டிப்பான ஃபியூக். அதன் கருப்பொருளில் டிமினிஷ்ட் செவன்த் தாவல், அதாவது ஒன்பது அரைச்சுர அகலத் தாவல், இருக்கிறது. கீழே விழுந்து நிற்கும் சுரம், உடனே அரைச்சுரம் ஏறித் தன் வீட்டுக்குப் போகத் துடிக்கும் லீடிங் சுரம். பாடகர்கள் தாவலின் வேகத்தில் அதைத் தாழ்த்திப் பாடிவிடுகிறார்கள். அடுத்து நுழையும் குரல் அந்தத் தாழ்ந்த சுருதியைப் பிடித்துக்கொள்கிறது. சரிசெய்யும் முறை: தாவிப் பாடாமல், போய்ச் சேர வேண்டிய வீட்டுச் சுரத்தை முதலில் பாடவைத்து, அதிலிருந்து அரைச்சுரம் இறங்கவைத்து அந்த இடத்தைக் காதில் பதியவையுங்கள். பிறகு தாவலை மெதுவாகச் சேருங்கள். நான்கு குரலும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையாக இந்தக் கருப்பொருளைப் பாடிப் பழகட்டும். முதல் வார ஒத்திகையிலேயே இதைத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்த குழுக்கள் இங்கேதான் சிக்குகின்றன.

இரண்டாவது சிக்கல் யாரும் எதிர்பாராதது. ஆறு பகுதியும் ஒரே சொற்களில் முடிகின்றன: "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை…" வெஸ்பர் என்ற மாலை ஆராதனையில் ஒவ்வொரு சங்கீதத்துக்குப் பின்னும் அதைச் சேர்ப்பது முறை. ஒரே லத்தீன் வரி, ஆறு வெவ்வேறு மெட்டு. பாதி மனப்பாடத்தில் பாடுபவர்கள் மூன்றாவதன் முடிவை ஐந்தாவதில் பாடுவார்கள். ஒரு ஒத்திகை முழுவதையும் இந்த ஆறு முடிவுகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வரிசையாகவும், பிறகு கலைத்தும்.

ஐந்தாவது 'லௌதாதே தோமினும்'. தனியாகவும் அடிக்கடி பாடப்படுவது. சோப்ரானோ சோலோ, எஃப் மேஜர், 6/8. கெடுவது ஒரே காரணத்தால்: அளவுக்கு மீறி மெதுவாக எடுப்பது. ஆறாக எண்ணாமல் பாருக்கு இரண்டு பெரிய அசைவாக உணர்ந்தால் சோலோ பாடுபவருக்கு நீண்ட வரிகளுக்கு மூச்சு போதும். குழு நுழைவது சங்கீதம் முடிந்து மகிமை வரி தொடங்கும் இடத்தில். அதுவரை உட்கார்ந்திருந்த 45 பேர் எழும் சத்தம் அந்த அமைதியை உடைத்துவிடும். ஆகவே நான்காவது முடிந்ததும் நின்றபடியே இருக்கட்டும்.

மொசார்ட் வேண்டாம், ரொமான்டிக் காலத்து (19ஆம் நூற்றாண்டு) நிறம் வேண்டும் என்றால் மென்டெல்சோனின் 42ஆம் சங்கீதம், ஓப்பஸ் 42. 1837இல் தேனிலவுப் பயணத்தின்போது தொடங்கியது, ஏழு பகுதி, 25 நிமிடம் வரை. "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற வரியை ஆல்டோக்கள் முதலில் எடுக்கிறார்கள். உங்கள் 14 ஆல்டோக்களுக்கு இது பொருத்தம். தாகத்தைச் சொல்லும் சோப்ரானோ ஆரியாவில் ஓபோ கூடவே வருகிறது; நல்ல ஓபோ கலைஞர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஆறாம் பகுதியில் சோப்ரானோவோடு நான்கு ஆண் சோலோ குரல்கள், இரண்டு டெனர், இரண்டு பேஸ். அந்த இரண்டு டெனரை உங்கள் ஆறிலிருந்து எடுத்தால் அடுத்து வரும் இறுதிக் கோரஸில் அவர்கள் களைத்திருப்பார்கள். வெளியிலிருந்து இருவரை அழைப்பது நல்லது. அதே மென்டெல்சோனின் 114ஆம் சங்கீதம் எட்டுக் குரல் பிரிவு, உங்களுக்கு ஆகாது.

ஹேண்டலின் 'தீக்ஸித் தோமினுஸ்' (1707, ரோம்) 22 வயது இளைஞர் எழுதியது. தந்தி வாத்தியங்களும் கன்டினுவோவும் (பேஸ் வரியைத் தாங்கும் ஆர்கன், செல்லோ போன்றவை) போதும் என்பதால் மலிவாகத் தெரியும். குரல்களிடம் அது கேட்பது கொஞ்சமில்லை: ஐந்து பிரிவு, ஓயாத வேகம், 'கன்குவஸாபித்' என்ற சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து அடிக்கும் இடம். 4 விநாடி எதிரொலிக்கும் தேவாலயத்தில் நிமிடத்துக்கு 120 துடிப்பில் பாடினால் எந்தக் கணத்திலும் முந்தைய எட்டு துடிப்புகளின் எச்சம் காற்றில் நிற்கும். சொல் ஒன்றும் விளங்காது. உலர்ந்த அரங்கமும் பயிற்சி மிகுந்த குழுவும் உள்ளவர்களுக்கானது.

சிறிய படைப்பு ஒன்றை முன்னே சேர்க்க விரும்பினால், லிலி பூலான்ஷேயின் 24ஆம் சங்கீதம் (1916) எனக்கு மிகவும் பிடித்தது. மர ஊதுவாத்தியமும் இல்லை, தந்தியும் இல்லை. பித்தளை வாத்தியங்கள், டிம்பனி, ஹார்ப், ஆர்கன். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாசல்களே உயருங்கள் என்று கேட்கும் சங்கீதத்துக்கு அந்த உலோக ஒலி அப்படியே பொருந்துகிறது. 24 வயதில் மறைந்த இவருடைய 130ஆம் சங்கீதம், "ஆழங்களிலிருந்து" என்பது, இதைவிடப் பெரியது, ஆழமானது. ஆனால் அதற்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வேண்டும். ப்ரூக்னரின் 150ஆம் சங்கீதம் (1892) ஒன்பது நிமிடம்தான், ஆனால் சோப்ரானோக்களை உச்சியிலேயே நிறுத்திவைக்கிறது. நிகழ்ச்சியின் முடிவில் வைத்தால் குரல் உடையும்.

பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' முழுவதும் சங்கீதமில்லை என்றாலும் மூன்றாம் பகுதி 39ஆம் சங்கீதத்தில்தான் தொடங்குகிறது. அதைக் குறிப்பிடுவது ஒரு எச்சரிக்கைக்காக. அந்தப் பகுதியின் இறுதி ஃபியூக் முழுவதும், 36 பார், அடியில் டி சுரம் ஒன்றே நிற்கிறது. 1867 டிசம்பர் 1 அன்று வியன்னாவில் முதல் மூன்று பகுதிகளை மட்டும் நிகழ்த்தியபோது டிம்பனி வாசித்தவர் அதை முழு பலத்தோடு அடிக்க, ஃபியூக் காணாமல் போனது. அரங்கில் சீழ்க்கையும் எழுந்தது. மேலே நான்கு குரல் பின்னும்போது கீழே ஒரே சுரம் உரத்து நின்றால் காது அதைத்தான் பிடிக்கும். மொசார்ட்டிலும் டிம்பனிக்கு இதைச் சொல்லுங்கள்: குழு பாடும்போது ஒரு படி கீழே, தனியாக ஒலிக்கும்போது எழுதியபடி.

ஸ்கோர் வாங்குமுன் எண் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லத்தீன் வேதாகமத்தின் சங்கீத எண்ணும் நம் தமிழ் வேதாகமத்தின் எண்ணும் ஒன்றல்ல. 1 முதல் 8 வரை ஒன்றே. நம் 9, 10 இரண்டும் லத்தீனில் சேர்ந்து 9. நம் 11 முதல் 113 வரை லத்தீனில் ஒன்று குறையும். நம் 114, 115 சேர்ந்து அங்கே 113. நம் 116 அங்கே 114, 115 என்று இரண்டாகும். 117 முதல் 146 வரை மறுபடி ஒன்று குறையும். நம் 147 அங்கே 146, 147. கடைசி மூன்றும் ஒன்றே. இதைப் பார்க்காமல் மொசார்ட்டின் 'லௌதாதே தோமினும்' 116 என்றிருப்பதை நம்பி, நிகழ்ச்சித் தாளில் தமிழ் 116ஐ அச்சிட்டுவிடுவது உண்டு. அது வேறு பாட்டு. இங்கே வேண்டியது 117, "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள்". வசன எண்ணிலும் பிசகு வரும். தலைப்பை முதல் வசனமாக எண்ணுவது எபிரெய, லத்தீன் வழக்கம். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு எண்ணுவதில்லை. அதனால்தான் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஸ்கோரில் 38:13–14 என்று இருப்பது நமக்கு 39:12–13.

உச்சரிப்பு. லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 'தோமினுஸ்' என்று எழுதினால் சொல்லின் முதலில் வரும் த வல்லொலியாகவே வாய்க்கு வரும். அங்கே வேண்டியது 'தம்பி'யின் த அன்று, 'பந்து' என்பதில் வரும் மெல்லிய த. 'பெயாத்துஸ்' (பேறுபெற்றவன்) என்பதிலும் அப்படியே, 'கம்பு' என்பதில் வரும் ப. இந்த ஒலிகளின் கீழே கோடிட்டுக் கொடுத்தால் ஒரே ஒத்திகையில் பழகிவிடும். ட எங்கும் வேண்டாம். 'லௌடாடே' என்று பாடுவது தவறு, 'லௌதாதே'. மெய்யொலி துடிப்புக்குச் சற்று முன்னும், உயிரொலி துடிப்பின் மேலும் விழ வேண்டும். இல்லாவிட்டால் குழு எப்போதும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் ஓடுவதுபோலவே கேட்கும்.

பின்தங்குவதற்கு இன்னொரு காரணம் தூரம். ஒலி 10 மீட்டரைக் கடக்க விநாடியில் நூற்றில் மூன்று பங்கு ஆகும். கடைசி வரிசைப் பாடகர் முன்னாலிருக்கும் வயலினைக் கேட்டுப் பாடினால் அவர் குரல் அரங்கத்துக்கு இரட்டைத் தாமதத்தோடு போய்ச் சேரும். காதை நம்பாமல் கண்டக்டரின் கையைப் பார்த்துப் பாடப் பழக்குங்கள். ஸ்கோரைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு 25 செ.மீ. உயர்த்திய மேடை, டெனர்கள் நடுவில் முன்னால், டிரம்போன்கள் அவர்களுக்குப் பக்கவாட்டில், அவற்றின் வாய் குழுவின் முகத்தை நோக்காதபடி. டிரம்பெட்டும் டிம்பனியும் எதிர்ப் பக்கம்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் 12 ஒத்திகை வேண்டும். முதல் நான்கில் 'லௌதாதே பூவெரி', முதல் சங்கீதம், 'பெயாத்துஸ் வீர்'. 'லௌதாதே தோமினும்' எட்டாவதில் எடுத்தாலும் போதும். ஆர்கெஸ்ட்ராவுக்குத் தனியாக ஒரு ஒத்திகை. வேகமான பகுதிகளில் வயலின்களின் ஓட்டத்துக்கு அந்த நேரம் தேவை. பிறகு குழுவோடு ஒன்று, நிகழ்விடத்தில் ஒன்று. எல்லாரும் ஒரே பதிப்பின் வோக்கல் ஸ்கோரை வைத்திருக்கட்டும். ஆர்கெஸ்ட்ரா தாள்களில் உள்ள பார் எண்களோடு அது ஒத்துப்போகிறதா என்று முதல் ஒத்திகைக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சம்பளத்துக்கு வந்த 20 கலைஞர்கள் காத்திருக்க, "எந்த பார்?" என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.